வெற்றி தோல்வி இல்லாத ஒரு நாள்

புதுவை வரலாற்றுத் தொடர்: 19

1892 நவம்பர். இங்கிலாந்தில் உல்விச் என்ற ஊரில் நடந்த குதிரையேற்றத் தேர்வுக்கு வரவேண்டிய இளைஞர் ஒருவர் வரவில்லை. அதற்கு முன்பும் அவருக்கு வாய்ப்புகள் தரப்பட்டிருந்தன. அவற்றையும் அவர் நழுவவிட்டிருந்தார். இந்திய சிவில் சர்வீஸ் எழுத்துத் தேர்வில் தேறியவர் அவர். பயிற்சிக் காலத்தையும் முடித்திருந்தார். கிரேக்கமும் லத்தீனும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் குதிரை ஏறிக் காட்டாத காரணத்தால் பணிக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். அப்போது 20 வயதான அந்த இளைஞரின் பெயர் அரவிந்த கோஷ். வெள்ளை அரசின் உத்தியோகம் வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் அப்படி நடந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

ஏறக்குறைய 56 ஆண்டுகள் கழித்து, 1949 பிப்ரவரி 21 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு காலாண்டிதழ் வெளிவந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சான அந்த இதழின் பொருள் உடற்கல்வி. முதல் இதழுக்கு வாழ்த்துச் செய்தி தந்தவர், குதிரை ஏறாத அதே அரவிந்தர். அப்போது அவருக்கு 76 வயது. 1926 முதல் அறையை விட்டு வெளியே வராமல் வாழ்ந்துகொண்டிருந்தார். பார்வை மங்கிவிட்டதால் அவர் சொல்லச் சொல்லச் சீடர் நிரோத்பரன் எழுதிக்கொண்டார். அடுத்தடுத்த இதழ்களுக்கும் உடலைப் பற்றியும் உடலின் நிறைவைப் பற்றியும் அவர் கட்டுரைகள் தந்தார். அவருடைய கடைசி உரைநடை எழுத்துகள் அவைதாம்.

ஆன்மிகத்தைத் தேடி வந்தவர்களின் ஆசிரமத்தில் ஓட்டப்பந்தயத்துக்கும் உடற்பயிற்சிக்கும் தனி இதழ் எதற்கு என்று அன்று பலருக்குத் தோன்றியது. அதற்கான விடை புதுவையின் தெருக்களிலிருந்து தொடங்குகிறது. நடுவில் ஜப்பானையும் தொட்டுவிட்டு வருகிறது.

1910 ஏப்ரலில் அரவிந்தர் புதுவைத் துறைமுகத்தில் வந்திறங்கியதை முன்பு பார்த்தோம். அவரைத் தொடர்ந்து வங்காளத்து இளைஞர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அவரோடு சிறையிலிருந்து விடுதலையான நளினி காந்த குப்தா அவர்களில் ஒருவர். கையில் காசில்லை, ஊர் மொழி தெரியாது, தெருமுனையில் பிரிட்டிஷ் ஒற்றர்கள். இந்த நிலையில் ஊராரோடு அவர்களை நெருக்கமாக்கியது கால்பந்து. புதுவை இளைஞர்களோடு சேர்ந்து அவர்கள் பந்து விளையாடினார்கள். விளையாட்டில் கிடைத்த நட்பு, பெயர் சொல்லத் தயங்கிய வீடுகளின் கதவுகளையும் திறந்துவிட்டது.

அந்தக் காலத்துப் புரட்சியாளர்களுக்கு உடல் வலிமை ஓர் அரசியல் வேலைத்திட்டம். 1902இல் கல்கத்தாவில் பிறந்த அனுசீலன் சமிதி வெளிப்பார்வைக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம். லத்தி வீச்சும் குஸ்தியும் அங்கே அன்றாடப் பாடம். புதுவையில் அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர் வ.வே.சு. ஐயர். வாஞ்சிநாதன் துப்பாக்கி சுடப் பழகியது இந்த ஊரில் அவருடைய மேற்பார்வையில்தான். புதுவையில் 10 ஆண்டுகள் வாழ்ந்த பாரதி, குழந்தைகளின் அன்றாடத்தில் படிப்புக்கும் பாட்டுக்கும் இடம் கொடுத்தபின் மாலைப் பொழுது முழுவதையும் விளையாட்டுக்கென்றே ஒதுக்கினார். பாரதியும் பாரதிதாசனும் ஒருவரையொருவர் கண்டுகொண்டது வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில். அந்த வேணு நாயக்கர் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வாத்தியார். தமிழ்க் கவிதையின் பெரிய நட்பு ஒன்று புதுவையின் ஒரு பயில்வான் வீட்டுப் பந்தலில் முளைத்தது என்பதை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

ஆக, உடற்பயிற்சி புதுவைக்குப் புதிதாக வந்த சரக்கன்று. சிலம்பமும் குஸ்தியும் தெருவில் இருந்தன, கால்பந்து மைதானத்தில் இருந்தது. ஆசிரமம் அதற்குள் கொண்டுவந்தது வேறொரு நோக்கம். அதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண்.

மீரா அல்ஃபாசா 1878 பிப்ரவரி 21 அன்று பாரிசில் பிறந்தவர். எட்டு வயதிலேயே டென்னிஸ் மீது தீராத ஆசை பிடித்துக்கொண்டது. தன் வயதுப் பிள்ளைகளோடு ஆடினால் எதுவும் கற்க முடியாது என்று, நன்றாக ஆடும் பெரியவர்களோடுதான் ஆடுவாராம். தோற்றுக்கொண்டே இருப்பார், கற்றுக்கொண்டும் இருப்பார். 1914இல் முதன்முறையாகப் புதுவைக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தார். உலகப் போர் அவரை பிரான்சுக்குத் திருப்பி அனுப்பியது. 1916இல் ஜப்பானுக்குப் போனார். முதலில் தோக்கியோவிலும் பிறகு கியோத்தோவிலுமாக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். ஓவியம் தீட்டினார். ஜப்பானியப் பெண்களுக்காக உரை நிகழ்த்தினார். ஜப்பானியக் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதினார். அந்த நாடு தன் பிள்ளைகளை நடத்தும் விதம் அவரை வெகுவாகக் கவர்ந்திருந்தது.

அவர் கண்ட ஜப்பானில் பள்ளி விளையாட்டு விழாக்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. 1874இல் தோக்கியோவின் சுகிஜியில் இருந்த கடற்படைப் பள்ளியில் ஆங்கிலேய ஆசிரியர்கள் நடத்திய விளையாட்டு விழாவிலிருந்து ‘உண்டோகாய்’ வழக்கம் தொடங்கியது என்பார்கள். 1880களில் கல்வி அமைச்சர் மோரி அரினோரி பள்ளிகளில் இராணுவப் பாணி உடற்பயிற்சியைப் புகுத்தினார். அந்த இறுக்கத்துக்கு நடுவிலும் உண்டோகாய் ஊர்த் திருவிழாவின் கலகலப்போடு வளர்ந்தது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், கயிறு இழுப்பார்கள். பெற்றோர் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். சில பந்தயங்களில் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இதைப் பார்த்துத்தான் மீரா புதுவையில் விழா எடுத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முழுச் சமூகமே வயது வேறுபாடு இல்லாமல் மைதானத்துக்கு வரும் நாட்டில் நான்காண்டு வாழ்ந்தவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1920 ஏப்ரல் 24 அன்று அவர் புதுவைக்குத் திரும்பினார். பிறகு இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அதே 1920இல்தான் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ‘டிரில் மாஸ்டர்’களைத் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்துக் கொடுத்த நிறுவனம் அது. சென்னையில் உடற்கல்வி அன்றே தொடங்கிவிட்டது. புதுவை ஆசிரமத்தில் இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. 1926இல் முறையாக உருவான ஆசிரமத்தில் பொதுவாகக் குழந்தைகளுக்கு இடமில்லை. பெரியவர்கள் தியானத்துக்கு வந்தார்கள். சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் வேலை செய்தார்கள்.

குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தது போர்; அதிலும் ஜப்பானியக் குண்டுவீச்சு. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலையும் அடி வாங்கின. சென்னை பாதி காலியாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தா மீதும் குண்டு விழுந்தது. புதுவையின் நிலை வேறு. 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் லூயி போன்வேன், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசை உதறி, தெ கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்ந்துவிட்டார். வங்காளத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் அடியார் குடும்பங்கள் பிள்ளைகளோடு புதுவைக்கு வந்து ஆசிரமத்தில் தஞ்சம் கேட்டன. அன்னை (மீராவை அப்போது எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள்) மறுக்கவில்லை. 1943 டிசம்பர் 2 அன்று சுமார் 20 குழந்தைகளோடு ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அன்னையே அங்கே பாடம் நடத்தினார்.

அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுவையில் இன்றும் ஆண்டுதோறும் அது திரும்பி வருகிறது.

பிள்ளைகள் வந்தபின் அவர்களை எப்படிக் கண்மூடி உட்கார வைப்பது? ஓட விட வேண்டும், குதிக்க விட வேண்டும். 1945இல் வங்காளத்தின் பெர்ஹாம்பூரிலிருந்து பிரணாப் குமார் பட்டாசார்யா என்ற இளைஞர் ஆசிரமத்தில் வந்து தங்கினார். வயது இருபதைக் கடந்து சில ஆண்டுகள்தான். உடற்பயிற்சியில் ஊறிய கட்டுமஸ்தான உடம்பு. பிள்ளைகள் அவரை ‘தாதா’, அதாவது அண்ணன், என்றார்கள். அன்னை உடற்கல்வித் துறையை அவரிடம் ஒப்படைத்தார். 2010இல் மறையும்வரை ஆசிரமத்தின் உடற்கல்வி என்றால் அவர்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை வேகமானவை. விளையாட்டுக் களம் உருவாயிற்று. உடற்பயிற்சிக் கூடம் வந்தது. வயதுவாரியாகக் குழுக்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம் தரப்பட்டது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைச் சொன்னாலே பிள்ளையின் வயது தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் பருவம் பருவமாகப் பயிற்சி: தடகளம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஆசனங்கள், மல்யுத்தம், குத்துச்சண்டை, பந்து விளையாட்டுகள். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் போட்டி. கடற்கரையோரம் டென்னிஸ் திடல் அமைந்தபோது அன்னைக்கு 70 வயது. மாலைதோறும் அங்கே போய் ஆடினார். 80ஐத் தொடும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

டென்னிஸ் முடிந்ததும் விளையாட்டுக் களம். அங்கே சுவரில் இந்தியாவின் புடைப்பு வரைபடம் ஒன்று உண்டு. பிரிவினைக்கு முந்திய இந்தியா, பர்மாவும் இலங்கையும் சேர்ந்தது. அதன் முன்னால் அன்னை நிற்க, குழுக்கள் அணிவகுத்து நடந்து போகும். பிறகு பிள்ளைகளுக்கு நிலக்கடலை கொடுப்பார். வாரத்தில் சில மாலைகளில் அங்கேயே உட்கார்ந்து பிரெஞ்சில் வகுப்பு நடத்துவார். கேள்விகள் கேட்கச் சொல்லிப் பதில் சொல்வார். வியர்வை காயாத பிள்ளைகளுக்கு நடுவில் நடந்த அந்த உரையாடல்கள் பின்னர் பல தொகுதிகளாக அச்சாயின.

புதுவை ஊரை உண்மையில் அதிரவைத்தது பெண்களின் உடை. சேலையிலும் பாவாடை தாவணியிலும் நடந்த ஊரில், ஆசிரமத்துப் பெண் பிள்ளைகளும் நடுத்தர வயதுப் பெண்களும் வெள்ளை அரைக்கால் சட்டையும் மேல்சட்டையும் அணிந்து, முடியை ஒரு வெள்ளைத் துணிக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். 1940களின் இந்தியாவில் இது சிறிய காரியமில்லை. ஆசிரமத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. அன்னை அசையவில்லை. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு மென்மையான வேறு பயிற்சி என்று பிரிப்பதையும் அவர் ஏற்கவில்லை. இருவருக்கும் ஒரே திட்டம். 1960இல் பெண்களின் உடலைப் பற்றி அவர் தந்த பதில்கள் சிறு நூலாக வந்தன. மாதவிடாய் நாட்களிலும் பழகிய பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் பெண்ணைத் திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ ஒதுக்கி வைத்த வீடுகள் அப்போது தமிழ்நாட்டில் எத்தனை எத்தனை! அந்த வீடுகளுக்கு நடுவில், பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில், பெண் பிள்ளைகள் நீளம் தாண்டிக்கொண்டும் கம்பியில் சுழன்றுகொண்டும் இருந்தார்கள். இந்த அத்தியாயத்தில் மிகப் பெரிய செய்தி எதுவென்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்தும் வந்தது. ஆன்மிக வாழ்வு தேடி வந்த சிலருக்கு இந்த விளையாட்டு ஆரவாரம் உறுத்தியது. யோகம் எங்கே, ஓட்டப்பந்தயம் எங்கே? 1949 வாக்கில் அரவிந்தருக்கே இப்படிக் கடிதங்கள் போயின. அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். விளையாட்டு முதன்மையாகப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது, விரும்பும் பெரியவர்கள் சேரலாம், யாருக்கும் கட்டாயமில்லை, விளையாடாதவர் யாரும் அதனால் அன்னையின் அன்பை இழந்துவிடமாட்டார். அந்தப் பதில்களில் அவருடைய சமநிலை தெரிகிறது. கட்டுரைகளிலோ அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உடலை உதறிவிட்டு அடையும் நிறைவை முழு நிறைவென்று அவர் ஒப்பவில்லை. உடம்பைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்ற திருமூலர் மரபில் வளர்ந்த தமிழருக்கு இது புரியாத கருத்தில்லை. 1953இல் அன்னை எழுதிய ‘நான்கு தவங்கள்’ கட்டுரையும் உடலிலிருந்தே தொடங்குகிறது. பட்டினி கிடந்து உடம்பை வாட்டுவதை அவர் தவமென்று ஏற்கவில்லை. அளவான உணவு, போதிய உறக்கம், ஒழுங்கான பயிற்சி ஆகியவற்றையே தவமென்றார்.

பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும் பெரியவர்கள் வந்தார்கள். 1910இல் ஊர் இளைஞரோடு கால்பந்து ஆடிய நளினி காந்த குப்தா, 60 வயதைக் கடந்தபின் ஆசிரமத் தடகளப் போட்டிகளில் ஓடினார். அலிப்பூர்ச் சிறையும் வறுமையும் நெடிய எழுத்து வாழ்க்கையும் கடந்து வந்த கால்கள் அவை. அவர் ஓடும் புகைப்படங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பொருள் விளக்கமில்லாமலே பிடிபடும்.

இனி டிசம்பர் 2. பள்ளி பிறந்த நாள் என்பதால் அதைச் சுற்றியே ஆண்டு விழா அமைந்தது. டிசம்பர் 1 நாடகத்துக்கும் இசைக்கும் நடனத்துக்கும் உரியது. மறுநாள் மாலை ஆசிரமத்தின் விளையாட்டுத் திடலில் உடற்பயிற்சிக் காட்சி. பொடியன்கள் முதல் நரைத்த தலைகள் வரை குழுக் குழுவாகத் திடலுக்குள் வருகிறார்கள். இசைக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் உயர்கின்றன. ஜிம்னாஸ்டிக்ஸ், ஆசனம், கூட்டுப் பயிற்சிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது யார், இரண்டாவது யார் என்ற அறிவிப்பு இல்லை. போட்டிகள் ஆண்டின் மற்ற மாதங்களில் முடிந்துவிடும். இந்த நாள் காட்டுவதற்கான நாள். ஆண்டு முழுதும் உடம்போடு என்ன செய்தோம் என்பதை ஊரின் முன் வைக்கும் நாள்.

உலகத்தில் இதற்கு உறவுகள் உண்டு. செக் நாட்டில் 1862இல் தொடங்கிய ‘சொகோல்’ இயக்கம், ஆயிரக்கணக்கானோர் ஒரே மைதானத்தில் ஒரே அசைவில் பயிற்சி செய்யும் பெருவிழாக்களை பிராகாவில் நடத்தியது. அங்கே அது செக் தேசிய உணர்வின் வெளிப்பாடு. புதுவையின் டிசம்பர் 2 ஒலிம்பிக்கைவிட அதற்குத்தான் நெருக்கமானது.

1950ஆம் ஆண்டு விழாவை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அரவிந்தரின் உடல்நிலை மிகவும் மோசமாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இருந்தும் டிசம்பர் 1, 2 நிகழ்ச்சிகள் நிறுத்தப்படவில்லை. அன்னை அவற்றில் கலந்துகொண்டார். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 5 அதிகாலையில் அரவிந்தர் காலமானார்.

உடம்புக்கென ஒரு நாளை நாட்காட்டியிலேயே ஒதுக்கிய நாடும் ஒன்று உண்டு. அதைப் பார்க்க 14 ஆண்டுகள் முன்னே போவோம். 1964 அக்டோபர் 10, தோக்கியோ. 1940இல் நடத்தக் கிடைத்த ஒலிம்பிக்கைச் சீனாவோடு போர் மூண்டதால் 1938லேயே கைவிட்ட நகரம், இப்போது போரில் தோற்று எரிந்து எழுந்து, ஆசியாவின் முதல் ஒலிம்பிக்கைத் தொடங்கியது. தீபம் ஏற்றிய யோஷினோரி சகாய், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அதே மாநிலத்தில் பிறந்த 19 வயது மாணவர். 13 நாள் கழித்து, அக்டோபர் 23 அன்று, இரண்டு வெற்றிகள் வந்தன. நெசவாலைத் தொழிலாளிப் பெண்களே பெரும்பாலும் நிறைந்த ஜப்பானியக் கைப்பந்து அணி, சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் வென்றது. அதே நாளில் ஹாக்கி இறுதியில் மொகிந்தர் லால் அடித்த ஒரே கோலில் இந்தியா பாகிஸ்தானை வென்றது. சென்னையைச் சேர்ந்த வி.ஜே. பீட்டர் அந்த அணியில் இருந்தார்.

அந்தத் தொடக்க நாளை ஜப்பான் மறக்க விரும்பவில்லை. 1966 முதல் அக்டோபர் 10 ‘உடல்நல, விளையாட்டு நாள்’ என்ற பெயரில் பொது விடுமுறையாயிற்று. 2000 முதல் அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமைக்கு மாறியது. 2020இல் பெயரும் ‘விளையாட்டு நாள்’ என்று சுருங்கியது. இரண்டாவது தோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் ஜூலைக்கு நகர்ந்தது. அரசு அலுவலகம் மூடுகிறது. பள்ளிகளிலும் ஊர்களிலும் உண்டோகாய் நடக்கிறது. 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்றும் காலை 6.30க்கு ஒலிக்க, பூங்காக்களில் கிழவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகக் கை வீசுகிறார்கள்.

இந்தியாவுக்கும் ஒரு தேசிய விளையாட்டு நாள் இருக்கிறது. தியான் சந்த் பிறந்த ஆகஸ்ட் 29. அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் விருது வழங்குவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. வென்றவர்களைக் கொண்டாட ஒரு நாள் வேண்டியதுதான்; அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பதக்கம் பெறாத, பெறவும் போகாத கோடிக்கணக்கான சாதாரண உடம்புகளுக்கு நம் நாட்காட்டியில் ஓர் இடம் தேவைப்படுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு பேசப்படும் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அந்தத் தேவை கண்முன் நிற்கிறது. ஜப்பானின் அக்டோபர் விடுமுறை அந்த இடத்தைத் தர முயல்கிறது. புதுவையில் அரசாணை எதுவும் இல்லாமல் ஒரு சிறு சமூகம் அதை டிசம்பர் 2இல் செய்து காட்டியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே திடலில் நிற்கிறார்கள். இருவரையும் ஒருவரோடொருவர் ஒப்பிட யாரும் அங்கே இல்லை.

இதைப் பாராட்டும்போதே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சமூகத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு தூரம் நீண்ட காலம் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 இரவு ஆசிரமம் தாக்கப்பட்டது. முல்சங்கர் என்ற அடியார் கொல்லப்பட்டார். 1965 பிப்ரவரி 11 அன்று இந்தி எதிர்ப்புக் கொந்தளிப்பில் ஆசிரமக் கட்டிடங்கள் மீண்டும் தாக்குதலுக்கு உள்ளாயின. வங்காளிகளும் குஜராத்திகளும் ஐரோப்பியர்களும் மிகுந்த அந்த இடத்தை, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற தமிழர்கள் பலர் அயலூராகவே பார்த்தார்கள். 1910இல் கால்பந்து கட்டிய பாலம் இடையில் எங்கோ குறுகிவிட்டது. டிசம்பர் 2 மாலையில் திடலைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தில் ஊர் மக்களும் உண்டு. பார்வையாளர் வரிசையிலிருந்து திடலுக்குள் அவர்கள் இறங்கும் வழியும் அமைந்திருந்தால் புதுவையின் விளையாட்டு வரலாறு இன்னும் வளமாக இருந்திருக்கும். இன்று உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் ஓடும் பிள்ளைகளும், மாலையில் மண் தரையில் இரும்புக் குண்டு உருட்டி ‘பெதாங்க்’ ஆடும் பிரெஞ்சுக் குடியுரிமைப் புதுவைக்காரர்களும், ஆசிரமத்துக் குழுக்களும் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தனித்தனியாக இயங்குகிறார்கள்.

அந்தத் தூரம் சற்றே குறைந்ததுபோல் தோன்றிய ஒரு மாலையும் உண்டு. 1955 செப்டம்பர் 29. பிரதமர் நேரு அந்த ஆண்டில் இரண்டாவது முறையாக ஆசிரமத்துக்கு வந்தார். மகள் இந்திராவும் லால் பகதூர் சாஸ்திரியும் சென்னை மாநில முதலமைச்சர் காமராஜரும் உடன் வந்தார்கள். விளையாட்டுத் திடலில் அன்னையின் அருகே அமர்ந்து பிள்ளைகளின் உடற்பயிற்சிகளைப் பார்த்தார்கள். இந்தியாவின் மூன்று பிரதமர்கள், அவர்களில் இருவர் வருங்காலப் பிரதமர்கள், ஒரே வரிசையில். இருவரைப் பிரதமராக்கியதில் பெரும்பங்கு வகிக்கப்போகும் காமராஜரும் பக்கத்திலேயே.

ஓராண்டுக்கு முன்புவரை அந்தத் திடலில் இந்தியப் பிரதமர் ஒருவர் வந்து உட்காருவது நடக்கக்கூடியதாக இருக்கவில்லை. புதுவை அப்போது வேறொரு நாட்டின் ஆட்சியில் இருந்தது. அதை மாற்றியது 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் 178 பேர் போட்ட ஓட்டு.

அந்த 178 பேர் யார், அவர்களில் 8 பேர் மட்டும் ஏன் இணைப்பை எதிர்த்து வாக்களித்தார்கள் என்பது அடுத்த இதழில்.